மாட்டுவண்டிப் பந்தய ஃபோட்டோ: 1/2000-ல உறைய வைக்கிறதா, 1/60-ல இழுக்கிறதா?

"அண்ணே, ஞாயித்துக்கிழமை மாட்டுவண்டிப் பந்தயத்துக்குப் போறேன், ஷட்டர் எவ்வளவு வைக்கட்டும்?" இந்த ஒரு கேள்விய இந்த வருஷம் நாலு பேர் கேட்டுட்டாங்க, நாலு பேருக்கும் நாலு மாதிரி பதில் சொல்லித் தொலைச்சிருக்கேன்னு நினைக்கிறேன். அதுல ஒரு தம்பி நேர்ல வந்து சண்டையே போட்டான். "நீங்க 1/60-னு சொன்னீங்க, இன்னொருத்தர் 1/2000-னு சொல்றாரு, எதுக்கு வம்புன்னு நடுவுல 1/250 வச்சு எடுத்தேன், ஐநூறு படத்துல ஒண்ணு கூட தேறலண்ணே."

தேறாது தம்பி. நானும் மொத வருஷம் அதத்தான் பண்ணேன். மத்த விஷயத்துல நடுவுல நிக்கிறது புத்திசாலித்தனமா இருக்கலாம், இதுல அது ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால். ஏன்னு விலாவாரியா சொல்றேன், படிச்சுட்டு எந்தப் பக்கம்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

## மொதல்ல கொஞ்சம் கணக்கு

ஷட்டர் 1/2000-னா ஒரு செகண்டுல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு நேரம்தான் கேமரா தொறந்திருக்கும், 1/60-னா அறுபதுல ஒரு பங்கு. மாடு ஓடுற வேகத்த மணிக்கு 36 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம், நெசத்துல கூடக் கொறைய இருக்கும், ஆனா 36 வச்சா செகண்டுக்கு சரியா 10 மீட்டர் வரும், வகுக்க சுலபம். ஜோடி மாடு, வண்டி, சாரதி எல்லாத்தையும் பக்கவாட்டுல ஒரு ஃபிரேமுக்குள்ள அடைக்க 6 மீட்டர் அகலம் வேணும்னு வைங்க. 24 மெகாபிக்சல் கேமராவுல படத்தோட அகலம் 6000 பிக்சல். ஆக 1 மில்லிமீட்டருக்கு 1 பிக்சல். கேமராவ ஆட்டாம வச்சு எடுத்தா இப்படி வரும்:

| ஷட்டர் | அந்த நேரத்துல மாடு நகர்றது | படத்துல இழுபடுறது |
|---|---|---|
| 1/2000 | 5 மி.மீ. | 5 பிக்சல் |
| 1/1000 | 1 செ.மீ. | 10 பிக்சல் |
| 1/250 | 4 செ.மீ. | 40 பிக்சல் |
| 1/60 | சுமார் 17 செ.மீ. | சுமார் 170 பிக்சல் |
| 1/8 | 1.25 மீட்டர் | 1250 பிக்சல் |

இப்போ அந்த 40 பிக்சலப் பாருங்க. ஏ3 அளவுல பிரிண்ட் போட்டா அது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். அதே பிரிண்டுல மாட்டோட கண்ணே ஏறக்குறைய அவ்வளவு பெருசுதான் இருக்கும், அதாவது கண்ணு மொத்தமா கரைஞ்சு போயிடும். சரி, கேமராவ மாட்டோடயே திருப்பி பேனிங் பண்ணலாம்னா, 1/250-ல பின்னாடி இருக்க மரமும் சனமும் அதே 40 பிக்சல்தான் இழுபடும், பாக்குறவங்களுக்கு அது வேகமா தெரியாது, ஃபோகஸ் தப்பிப்போச்சுன்னுதான் தெரியும். இப்படியும் இல்ல அப்படியும் இல்ல, ரெண்டுங்கெட்டான்.

இதுல ஒரு சலுகை உண்டு. மேல சொன்னது எல்லாம் குறுக்க ஓடுற மாட்டுக்கு. உங்களப் பாத்து நேரா வர்ற மாடு ஃபிரேமுக்குள்ள அவ்வளவா நகராது, பெருசா மட்டும்தான் ஆகும், அதுக்கு 1/800 கூட தாராளம்.

## எத வச்சு முடிவு பண்றது

ஷட்டர் ஸ்பீட கேமராவப் பாத்து முடிவு பண்ணாதீங்க, இதெல்லாம் பாத்து பண்ணுங்க:

- எத்தன வாய்ப்பு கெடைக்கும்? பெரிய மாட்டுப் பந்தயம்னா போஸ்டர்லயே "போக வர 8 மைல்"னு போட்டிருப்பான். நீங்க நிக்கிற எடத்த ஒரு ஜோடி போறப்ப ஒரு தடவ, வர்றப்ப ஒரு தடவ, மொத்தமே ரெண்டு தடவதான் கடக்கும். சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டுனு மத்த பிரிவுகளையும் அடுத்தடுத்து விடுவாங்கதான், ஆனா அது வேற மாடு வேற வண்டி.
- படம் யாருக்கு? மாட்டுக்காரர் வீட்டுச் செவுத்துக்கா, பத்திரிகைக்கா, இன்ஸ்டாவுக்கா, உங்களுக்கேவா.
- பின்னாடி என்ன இருக்கு? வேலிக்கருவ வரிசையா, பொட்டக்காடா, இல்ல ஃபிளெக்ஸ் பேனரும் நூறு பைக்குமா.
- வெளிச்சம். காலைல 7 மணி வெயிலும் 11 மணி வெயிலும் வேற வேற கேமரா வாங்குன மாதிரி.
- எத்தன படம் வீணாப் போறதத் தாங்குவீங்க? இது மனசு சம்பந்தப்பட்டது, சிரிக்காதீங்க.

## உறைய வைக்கிறது: 1/1000-ல இருந்து 1/2000

பலம் என்னன்னா நம்பிக்கை. ஃபோகஸ் உக்காந்துட்டா படம் உண்டு. மூக்கணாங்கயிறு இழுபட்டு நிக்கிறது, வாயோரம் நுரை, சாரதியோட பல்லு கடிச்ச மூஞ்சி, வண்டி கூடவே ஓடிட்டிருக்க பின்சாரதியோட ரெண்டு காலும் தரைல இல்லாத ஒரு நொடி, இதெல்லாம் கண்ணால பாக்க முடியாது, படம்தான் காட்டும். குதிரை ஓடுறப்ப நாலு காலும் தரைய விட்டு எழும்புதான்னு 1878-ல கலிஃபோர்னியாவுல மைபிரிட்ஜ்ங்கற ஃபோட்டோகிராஃபர் 12 கேமராவ வரிசையா நட்டு வச்சு எடுத்துக் காட்டுனாரே, அந்த ஆச்சரியம் இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு.

1/500 போதாதான்னு கேப்பாங்க. ஒடம்புக்குப் போதும், காலுக்குப் போதாது. சக்கரத்த வச்சு சொல்றேன், நல்லா புரியும். உருளுற சக்கரத்துல தரையத் தொட்டுட்டிருக்க எடம் அந்த நேரத்துக்கு நகர்றதே இல்ல, உச்சியில இருக்க எடம் வண்டி வேகத்துல ரெண்டு மடங்குல போகும். அதனால 1/500-ல எடுத்த படத்த பெருசு பண்ணிப் பாத்தீங்கன்னா கீழ் ஆரக்கால் எல்லாம் ஒண்ணு ரெண்டுனு எண்ணலாம், மேல் ஆரக்கால் புகை மாதிரி இருக்கும். மாட்டுக் காலும் இதே கதைதான், ஊனுன கால் நிக்கும், முன்னாடி வீசுற கால் ஒடம்ப விட வேகமாப் போகும். குளம்புல ஒட்டியிருக்க மண்ணு வரைக்கும் வேணும்னா 1/2000-க்குப் போங்க.

இனி யாரும் சொல்லாத செலவு.

மொத செலவு, வண்டி நின்னுடும். பக்கவாட்டுல 1/2000-ல எடுத்தா ஆரக்கால் எல்லாம் பளிச்சுனு நிக்கும், பாக்குறவன் "நிறுத்தி வச்சிருக்க வண்டியா?"ன்னு கேப்பான். புழுதி பறக்கலன்னா இன்னும் மோசம், தார் ரோட்டுல பெரும்பாலும் பறக்காது. இதுக்கு ஒரே வழி பக்கவாட்டுல எடுக்காம, ரோடு வளையுற எடமாப் பாத்து, உள்பக்கமா, முக்கால்வாசி முன்பக்கம் தெரியுற மாதிரி தாழ உக்காந்து எடுக்கிறது. வளைவோட வெளிப்பக்கம் மட்டும் நிக்கவே நிக்காதீங்க, மாடு தெறிச்சா வண்டி அங்கதான் வரும்.

ரெண்டாவது வெளிச்சம். நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100, எஃப் 16-க்கு 1/100 வரும்ங்கறது பழைய கணக்கு. ஐஎஸ்ஓ-ன்னா கேமராவோட வெளிச்ச உணர்வு, கூட்டுனா படத்துல புள்ளி புள்ளியா கிரெய்ன் வரும்; எஃப்-ன்னா லென்ஸ் வாயோட அளவு, நம்பர் கொறைஞ்சா வாய் பெருசு. நம்மகிட்ட இருக்கிறது 55-250 மாதிரி சாதா ஜூம், கடைசி வரைக்கும் நீட்டுனா எஃப் 5.6-தான் தரும், அப்போ உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ 100-க்கு 1/800. 1/2000 வேணும்னா ஐஎஸ்ஓ 250, அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. ஆனா பந்தயம் பெரும்பாலும் காலைலயே விட்டுடுவான், 7 மணிக்கு வெளிச்சம் ரெண்டு மூணு ஸ்டாப் கம்மியா இருக்கும் (ஒரு ஸ்டாப் கொறைஞ்சா வெளிச்சம் பாதி), அப்போ ஐஎஸ்ஓ 1000-2000 ஆயிடும், புளியமர நெழல்ல நின்னீங்கன்னா 6400. கருப்பு மாடா இருந்தா நெழல்ல அந்த கிரெய்ன் அப்படியே தெரியும்.

மூணாவது, பட்டன அமுக்கிட்டே தொடர்ச்சியா பர்ஸ்ட் அடிச்சா எல்லாம் சிக்கிடும்ங்கற நம்பிக்கை. செகண்டுக்கு 10 படம் எடுக்கிற கேமராவுல ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல மாடு 1 மீட்டர் போயிருக்கும், நீங்க தேடுற அந்த நொடி ரெண்டுக்கும் நடுவுல விழுந்திருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா 1500 படம், ஒண்ணு 28 எம்பின்னு வச்சாலும் 42 ஜிபி, ஒக்காந்து பொறுக்குறதுக்குள்ள விடிஞ்சுடும். வர்றப்பவே எண்ணி வச்சுக்கிட்டு மூணு மூணா அமுக்குங்க.

இன்னொண்ணு, சைலன்ட் ஷட்டர ஆஃப் பண்ணுங்க. சாதாரண மிரர்லெஸ்ல எலக்ட்ரானிக் ஷட்டர் படத்த மேல இருந்து கீழ வரி வரியாப் படிக்கும், அது படிச்சு முடிக்கிறதுக்குள்ள சக்கரம் நகர்ந்து முட்டை மாதிரி சாஞ்சு நிக்கும். 1/4000 வச்சாலும் சாயும். 2023-ல அறிவிச்ச சோனி ஏ9 III மாதிரி, படம் மொத்தத்தையும் ஒரே நேரத்துல படிக்கிற குளோபல் ஷட்டர் இருந்தா இந்தத் தொல்லை இல்ல, அதோட வெலைக்கு நல்ல ஜோடி மாடே வாங்கலாமேன்னு கூட வந்த ஒருத்தர் சொன்னாரு.

இது யாருக்கு: மொத தடவ போறவங்களுக்கு, ஒரே ஜோடிய எடுத்துக் குடுக்கிறேன்னு ஒத்துக்கிட்டவங்களுக்கு, ஜெயிக்கிற எடத்துல நிக்கிறவங்களுக்கு. எல்லைக் கொடிகிட்ட நின்னு பேனிங் பண்றேன்னு விளையாடாதீங்க, அங்க ரெண்டாவது வாய்ப்பு கெடையாது.

## இழுத்துப் புடிக்கிறது: 1/40-ல இருந்து 1/80 பேனிங்

எனக்கு எது புடிக்கும்னு கேட்டா இதுதான், ஒளிச்சு என்ன ஆகப்போகுது. மாடு தெளிவா நிக்க, பின்னாடி மரம், வேட்டி, ஃபிளெக்ஸ், பைக் எல்லாம் கலர் கோடா ஓடும். 1/40-ல பின்னணி 250 பிக்சல் இழுபடும், கட்சி பேனர்ல இருக்க மூஞ்சி எல்லாம் காணாமப் போயிடும், அதுக்காகவே பண்ணலாம். சக்கரமும் மேல கீழன்னு இல்லாம சுத்தி வர ஒரே மாதிரி கரையும், ஏன்னா கேமரா வண்டியோட சேந்து போறப்ப அச்சாணி மட்டும்தான் நிக்கும்.

இப்போ ஒரு எச்சரிக்கை. வீடியோவுல எல்லாரும் பைக்கும் காரும் வச்சு 1/30-ல பண்ணுங்கன்னு சொல்லிக் குடுப்பாங்க. பைக் வழுக்கிட்டுப் போகும், மாடு அப்படிப் போகாது, ஒவ்வொரு தாவலுக்கும் தலையும் திமிலும் மேல கீழ எகிறும். நீங்க எவ்வளவு அழகா பக்கவாட்டுல திருப்புனாலும் மேல கீழ போற ஆட்டத்த உங்களால புடிக்க முடியாது. 1/30-ல வண்டி பளிச்சுனு இருக்கும், சாரதி பளிச்சுனு இருப்பாரு, மாட்டு மூஞ்சி மட்டும் ரெண்டு கொம்புக்கு நாலு கொம்போட இருக்கும். மாட்டுக்கு நான் 1/60-ல இருந்துதான் ஆரம்பிப்பேன், கை வந்தப்புறம் 1/40. மொத தடவன்னா 1/125-ல பழகுங்க, இழுவை கம்மிதான், ஆனா நாலு படமாவது கையில நிக்கும்.

நிக்கிற எடமும் முக்கியம். ரோட்டோரம் ஒட்டி நின்னு வைடு லென்ஸ்ல பண்ணா மாட்டுத் தலை ஒரு கோணத்துல நகரும், வண்டி பின்பக்கம் வேற கோணத்துல நகரும், ஒண்ணு தெளிஞ்சா இன்னொண்ணு கரையும். பத்திருவது அடி உள்ள தள்ளி, வயக்காட்டுல எறங்கி நின்னு 100-150 எம்எம்ல எடுத்தா இந்தக் கோளாறு கொறையும். காலு ரெண்டையும் மாடு உங்க முன்னாடி வரப்போற எடத்தப் பாத்து வச்சுட்டு, இடுப்ப மட்டும் திருப்பி தூரத்துல இருந்தே புடிச்சுட்டு வாங்க. அமுக்கி முடிச்சதும் கேமராவ நிறுத்துறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, மாடு போற வரைக்கும் கூடவே போங்க. லென்ஸ்ல கை ஆட்டத்த அடக்குற ஸ்டெபிலைசேஷன் இருந்தா பேனிங் மோடுல போடுங்க, கேனான்ல அது மோட் 2. சாதா மோடுல விட்டா சில லென்ஸ் நீங்க திருப்புறதையே ஆட்டம்னு நினைச்சு எதிர்ப்பக்கம் இழுக்கும்.

செலவுக்கு வருவோம். என் கைக்கு 1/125-ல பத்துக்கு நாலு தேறும், 1/60-ல பத்துக்கு ஒண்ணு, 1/40-ல ஒரு காலைக்கு ரெண்டு வந்தா சந்தோஷமா டீ குடிச்சுட்டு வருவேன். அப்புறம் வெயில் ஏறிட்டா கைல காசு எறங்கும். ஐஎஸ்ஓ 100-ல உச்சி வெயிலுக்கு 1/40 வைக்க எஃப் 22-ஐயும் தாண்டணும், லென்ஸ் அங்கயே முட்டிக்கும், முட்டாட்டியும் அவ்வளவு சுருக்குனா படம் மொத்தமும் மொழுக்குனு ஆயிடும், சென்சார்ல இருக்க தூசி எல்லாம் வானத்துல கருப்புப் பொட்டா நிக்கும். புழுதிக்குள்ள நின்னு லென்ஸ் மாத்துனவன் எத்தன பொட்டுனு வீட்டுக்கு வந்து எண்ணுவான். லென்ஸ் முன்னாடி மாட்டுற கருப்புக் கண்ணாடி, என்டி 8 ஃபில்டர், போட்டா மூணு ஸ்டாப் கொறையும், எஃப் 9-லயே எடுக்கலாம். அது இல்லியா, பளபளப்பக் கொறைக்கிற போலரைசர் ஃபில்டர் இருந்தா மாட்டுங்க, அதுவே ஒண்ணரைல இருந்து ரெண்டு ஸ்டாப் குடிக்கும், ஏழைக்கேத்த எள்ளுருண்டை.

இதெல்லாத்தையும் விட பெரிய செலவு ஒண்ணு இருக்கு, அத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சிவகங்கைப் பக்கம் ஒரு பந்தயத்துல 1/40-ல ஒரு படம் அமைஞ்சது, பின்னாடி பச்சையும் மஞ்சளுமா வெறும் கோடு, மாட்டுக் கண்ணு மட்டும் ஊசி மாதிரி தெளிவு, எனக்குத் தலகால் புரியல. பெருசா பிரிண்ட் போட்டு ஃபிரேம் பண்ணி மாட்டுக்காரர் வீட்டுக்கே கொண்டு போய்க் குடுத்தேன். அவரு வாங்கி, திண்ணைல சாத்தி வச்சு, கண்ணாடியத் தேடி எடுத்துப் போட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "ஏன் தம்பி, கொஞ்சம் ஆட்டிட்டீகளோ?" ன்னாரு. அப்புறம் காலக் காட்டி, "இதுக்கு வலது முன்னங்கால்ல வெள்ளை உண்டு, அதக் காணமே". நான் பதில் பேசல. மறு வாரம் 1/1600-ல எடுத்த சாதாப் படம் ஒண்ணக் கொண்டுபோய்க் குடுத்தேன், நான் அழிக்கலாம்னு வச்சிருந்த படம். வெள்ளைக் கால் தெரிஞ்சது. அதுதான் இப்போ அவரு வீட்டு நடு ஹால்ல, அவங்க அப்பா படத்துக்குப் பக்கத்துல தொங்குது. பேனிங் படம் எங்க போச்சுன்னு நான் கேக்கல, நீங்களும் கேக்காதீங்க.

இது யாருக்கு: காலைல இருந்து நாலஞ்சு பந்தயம் வரிசையா இருக்கு, யாருக்கும் படம் தர்றதா வாக்கு குடுக்கல, பின்னணி கேவலமா இருக்கு, இந்த மூணும் சேந்தா யோசிக்கவே வேணாம்.

## கேமராவ நட்டு வச்சு எடுக்கிறது: 1/8-ல இருந்து 1/2

ட்ரைபாட்ல கேமராவ நிறுத்திட்டா சனம் தெளிவா நிக்கும், மாடு மட்டும் ஒரு வெள்ளைத் தீத்தலா ஓடும். சொல்றதுக்கு நல்லாருக்கும். நெசத்துல பந்தயத்துல சனம் நிக்கவே நிக்காது, துண்ட சுத்தும், பைக்ல தொரத்தும், அதனால மாடும் கரைஞ்சு சனமும் கரைஞ்சு படமே சாம்பார் ஆயிடும். அந்தக் கூட்டத்துக்குள்ள ட்ரைபாட் வைக்கிறது வேற வம்பு. எர்ன்ஸ்ட் ஹாஸ்ங்கற ஃபோட்டோகிராஃபர் 1956-ல ஸ்பெயின் காளைச் சண்டைய ஸ்லோ ஷட்டர்ல கலர்ல எடுத்த படங்களப் பாத்தா ஆசை வரத்தான் செய்யும், மாடும் ஆளும் பெயின்ட் மாதிரி ஓடும். ஆசைக்கு ரெண்டு படம் எடுங்க, இத நம்பி மட்டும் போகாதீங்க.

ஐஃபோன் வச்சிருக்கவங்களுக்கு லைவ் ஃபோட்டோல எடுத்துட்டு அப்புறமா லாங் எக்ஸ்போஷர் போட்டா இதே மாதிரி ஒண்ணு வரும், செலவில்லாத வேலை. ஆனா ஃபோன்ல வெயில்ல பேனிங் பண்ணனும்னு மட்டும் நினைக்காதீங்க. பெரும்பாலான ஃபோன்ல அப்பர்ச்சர, அதாவது அந்த எஃப் நம்பர, மாத்த முடியாது, எஃப் 1.8 மாதிரி எப்பவும் தொறந்தே கெடக்கும், உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ 50-லயே 1/4000 பக்கம் தானாப் போயிடும். அதனால ஃபோன் காரங்களுக்கு இந்தக் குழப்பமே இல்ல, நீங்க உறைய வைக்கிற கட்சி.

ஃபிளாஷ் போட்டு ஸ்லோ ஷட்டர் வைக்கிற வித்தையும் உண்டு, ராத்திரி சிலம்பத்துக்கும் கரகத்துக்கும் அருமையா இருக்கும். ஓடுற மாட்டு மூஞ்சிக்கு நேரா ஃபிளாஷ் அடிக்காதீங்க. மெரண்டு வண்டி சனத்துக்குள்ள போச்சுன்னா படம் எடுத்தவன தேடித்தான் வருவாங்க.

## சரி, ஞாயித்துக்கிழமை என்ன பண்றது

நான் பண்றதச் சொல்றேன். மொதல்ல கேமராவ, ஷட்டர அதுவே முடிவு பண்ற அப்பர்ச்சர் மோடுல இருந்து எடுத்துடுவேன். ஒரு தடவ அதுல விட்டுட்டு, மேகம் ஒண்ணு வந்து மறைச்சதும் அதுவா 1/160-க்கு எறங்கி, வர்றப்ப ஒருத்தர ஒருத்தர் முந்துன அந்த ஒரே நிமிஷம் மொத்தமும் போச்சு. இப்போ டயல்ல சி1-ல ஒண்ணு, சி2-ல ஒண்ணு சேத்து வச்சிருக்கேன். சி1-ல 1/1600, ஐஎஸ்ஓ ஆட்டோ, தொடர் ஃபோகஸ். சி2-ல 1/60, ஐஎஸ்ஓ 100, தொடர் ஃபோகஸ். போலரைசர் காலைலயே மாட்டிட மாட்டேன், சி1-க்கு அது வெளிச்சத்தக் குடிச்சிடும், 9 மணி தாண்டி பேனிங்குக்கு நிக்கிறப்பதான் மாட்டுவேன்.

பெரிய மாடு போறப்ப சி1, ரோட்டு வளைவுல உள்பக்கம். ஒவ்வொரு ஜோடிக்கும் மூணு படம், நம்பர் தெரியுற மாதிரி, காலு தெரியுற மாதிரி. அது திரும்பி வர்றதுக்குள்ள வயக்காட்டுக்கு எறங்கி, பின்னணியில மரம் வரிசையா இருக்க எடமாப் பாத்துக்குவேன். வர்றப்ப ஜோடி எல்லாம் பிரிஞ்சு தனித்தனியா வரும், முன்னாடி பைக் மறைக்காம வர்ற ஜோடிக்கு மட்டும் சி2, மத்ததுக்கு கேமராவத் தூக்கவே மாட்டேன். ஜெயிக்கப் போற மாடுன்னு தெரிஞ்சா திரும்பவும் சி1-தான், ஆசை காட்டுனாலும் சரி.

கரிச்சானும் பூஞ்சிட்டும் விடுறப்ப உங்க இஷ்டம், 1/30 கூட வச்சுப் பாருங்க. அந்த 1/250-கிட்ட மட்டும் போகாதீங்க. அப்புறம் படம் தர்றேன்னு மாட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்கன்னா, வண்டில பூட்டுறதுக்கு முன்னாடியே கிட்டப் போய் எந்த மாட்டுக்கு எந்தக் கால்ல வெள்ளைன்னு ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கங்க.